மழை விட்டதும் வேன்மேல் ஏறியவர்

மார்ட்டின் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய வேனின் கூரையில் இருக்கும் சோலார் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கிருந்து விழுந்து மூன்றாம் நாள் காலை அது. மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்தார். திறந்தால் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "சிவா, பேட்டரி எவ்ளோ காட்டுது?" என்றுதான் கேட்பார். அதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டுமே என்று, என் மனைவி சரோஜா திட்டத் திட்ட, அதே ஏணியைப் போட்டு ஏறியிருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. அண்ணனின் மனைவி ரீட்டா அக்கா. "தம்பி, அண்ணன் போயிட்டாரு" என்றார். அழவில்லை. "நீ எங்க இருக்க?" என்று கேட்டார். எந்த ஏணியில் நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "வீட்லதான்க்கா" என்றேன். பாதி துடைத்த பேனலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நம் வேன் குழுவின் வழியாகத்தான் தெரியும். மெர்சிங் கடற்கரையில் நீலக் கைலி கட்டிக்கொண்டு மீன் சுடுகிற மார்ட்டின், பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ரீட்டா அக்கா, பின்னால் வெள்ளை வேன். அந்தப் படங்களுக்குக் கீழே "கொடுத்து வைத்தவர்" என்று நீங்கள் எழுதுவீர்கள். ஊர் சுற்றுவதற்காக வேன் வாங்கிய மனிதர் என்றுதான் எல்லாரும் நினைத்தீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உங்களுக்குத் தெரியாத மார்ட்டினைப் பற்றி எழுத வேண்டும் என்று இருக்கிறேன். அடக்கத்தின் அன்று கல்லறைத் தோட்டத்தில் காதில் விழுந்த ஒரு வார்த்தை இன்னும் எனக்குச் செரிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் கெலாங் பாத்தா பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர் கிடங்கின் மேற்பார்வையாளர், நான் அலுவலகத்தில். கிடங்கில் சரக்கு நகர்ந்துகொண்டே இருந்தால் சிரித்துக்கொண்டே இருப்பார். ஏதாவது ஒரு பெட்டி வாரக்கணக்கில் ஒரே மூலையில் கிடந்தால் போதும், அதைச் சுற்றிச் சுற்றி வருவார். எலி கடித்ததா, ஈரம் ஏறியதா என்று குனிந்து பார்ப்பார். ஒருமுறை நான் கேலி செய்தேன். "என்னண்ணே, அது என்ன ஓடவா போவுது? சும்மாதான கெடக்கு" என்றேன். "சும்மா கெடக்கறதத்தான் சிவா தெனமும் பாக்கணும். ஓடுறது தன்னைத்தானே பாத்துக்கும்" என்றார். அப்போது அது கிடங்குப் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

ஓய்வு பெற்றதும் நான் காஹாங்கில் அப்பா விட்டுப்போன மேட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தேன். மறு வருடம் அவரும் வந்தார். ரீட்டா அக்கா பிறந்த தோட்டம் பக்கத்தில்தான். இப்போது அங்கே ரப்பர் இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் எண்ணெய்க்கான செம்பனைதான். இருந்தாலும் அக்காவுக்கு அந்தக் காற்று வேண்டும் என்றார் அண்ணன். வீடு பார்த்தது ஆற்றை ஒட்டிய கீழ்ச்சாலையில். "அண்ணே, அது தாழ்வான எடம். மழைக்காலத்துல தண்ணி ஏறும்" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆறு பக்கத்துல இருந்தா தூண்டி போடலாம் லா" என்றார். பிடிவாதம் பிடித்தால் மனிதர் கல். வாங்கிவிட்டார்.

வந்த முதல் மழைக்காலத்திலேயே வெள்ளம் வந்துவிட்டது. விடியும்போது வாசலில் நின்ற தண்ணீர் மதியத்துக்குள் இடுப்புக்கு வந்தது. படகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்து நிவாரண மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரீட்டா அக்காவுக்கு நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மருந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது, பெட்டி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் மையத்தில் அக்கா மயங்கி விழுந்தார். பாதைகள் எல்லாம் அடைத்துக் கிடந்ததால் மருந்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்த் திரும்பியது. நான் பார்க்கப் போனபோது அண்ணன் பள்ளிக்கூடத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் எடுத்தேன் சிவா. ஐசி கார்டு எடுத்தேன், வீட்டுப் பத்திரம் எடுத்தேன், பைபிள் எடுத்தேன், எங்கம்மா போட்டோவக்கூட எடுத்தேன். அவ மருந்த மறந்துட்டேன்" என்றார். அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்த கையோடு ஒரு பழைய பள்ளி வேனை வாங்கி வந்தார். இருக்கைகளைக் கழற்றிப் போட்டார். படுக்கை, மேசை, அடுப்பு என்று ஒவ்வொன்றாக வரும் என்று நான் எதிர்பார்த்தேன். முதலில் வந்தது ஒரு குட்டிக் குளிர்சாதனப் பெட்டி. "என்னண்ணே, பீர் வைக்கவா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரீட்டா மருந்துக்கு" என்றார். பிறகுதான் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கப் பேட்டரிகள், பேட்டரிகளுக்கு ஊட்டக் கூரையில் பேனல், அதன் பிறகு கட்டில், விசிறி, விளக்கு. ஊர் சுற்றுவது என்ற எண்ணமே வேன் தயாரான பிறகு வந்ததுதான். "இவ்ளோ செஞ்சாச்சு, வெயில் காலத்துல சும்மா நிக்குதே" என்று அக்கா சொல்லப்போய், மெர்சிங்குக்கு முதல் பயணம் போனார்கள். நீங்கள் பார்த்த படங்களெல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை.

பனி பெய்யும் நாடுகளில் இப்படிப்பட்ட வேன்களைக் குளிர்காலம் முழுக்க மூடி நிறுத்தி வைப்பார்களாம். நமக்குப் பனி எங்கே? நவம்பரில் மழை பிடித்தால் பிப்ரவரிவரை கிழக்குக் கரைப் பக்கம் போக முடியாது. அந்த மாதங்களில் வேன் என் வீட்டு மேட்டில் நிற்கும், தண்ணீர் ஏறாத இடம் என்பதால். முதல் வருடம் சிங்கப்பூரில் இருந்து ஒரு அருமையான உறை வாங்கி வந்தார். பனி நாட்டுக்காகத் தைத்தது. இருவரும் சேர்ந்து தலை முதல் கால்வரை வேனுக்குப் போர்த்தி, கயிறு கட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தோம். மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாள் அவிழ்த்துப் பார்த்தால் விளக்கு எரியவில்லை, பெட்டி குளிரவில்லை, பேட்டரி இரண்டும் செத்துக் கிடந்தன. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் சொட்டுச் சொட்டாகக் குடித்தே தீர்த்துவிட்டன. ஊட்ட வேண்டிய பேனல் உறைக்குள் இருட்டில் கிடந்தது. "அலமாக், பேனலுக்கும் சேத்துப் போர்வ போத்திட்டேனே சிவா" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். குளுவாங்கில் பேட்டரி கடைக்காரர் பார்த்துவிட்டு இது இனி எழுந்திருக்காது என்று கையை விரித்துவிட்டார். அந்த உறை இன்றும் எங்கள் வீட்டு விறகுக் கட்டின்மேல்தான் கிடக்கிறது.

புதுப் பேட்டரி மாட்டிய அன்று ஒரு முடிவு எடுத்தார். மழைக்காலம் முழுக்க வேனின் பெட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் அக்காவின் மருந்து ஒரு பங்கு எப்போதும் இருக்க வேண்டும். வெள்ளம் நாள் பார்த்து வருவதில்லை அல்லவா? ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. எந்த மாதத்தில் பேட்டரி நிறைந்திருக்க வேண்டுமோ அந்த மாதத்தில்தான் வெயில் இல்லை. ஆகவே கிடைக்கிற கொஞ்சத்தை விடக் கூடாது. "மழைக்காலத்துல வெயிலு விருந்தாளி மாதிரி சிவா. வந்துட்டா வாசல்ல நிக்க வைக்கக் கூடாது" என்பார். மழை விட்டு மேகம் கொஞ்சம் விலகினால் போதும், கீழ்ச்சாலையிலிருந்து அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். ஏணியைச் சாத்துவார், ஏறுவார், பேனலில் ஒட்டிய ரம்புத்தான் மரத்து இலைகளையும் பறவை எச்சத்தையும் துடைப்பார், இறங்குவார். ஒரு மூலையில் ஒரு இலை விழுந்தாலே மின்சாரம் பாதியாகக் குறைந்துவிடும் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். நான் நம்பாமல் என் கையை வைத்து மறைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார்.

அதைவிட நன்றாக ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக் காரும் மோட்டார் சைக்கிளும் புல்வெட்டும் இயந்திரமும் வரிசையில் நிற்கும். அந்த வருடம் வேன் சீக்கிரமே மேட்டுக்கு வந்துவிட்டது. பாதிரியார் ஏற்கெனவே புனித நீர் தெளித்து ஆசீர்வதித்த வண்டிதான். இருந்தாலும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கும்பிட்டால் நன்றாக இருக்காது என்று சரோஜா அதற்கும் மாலை போட்டாள். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். உண்மையில் உழைப்பது பேனல்தானே என்று ஏணி போட்டு ஏறி, அதில் பெரிதாக மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம் என்று பக்தியோடு பூசிவிட்டு வந்தேன். அடுத்த நாலைந்து நாள் பேட்டரி ஏறவே இல்லை. அண்ணன் ஒயரை எல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்தார். கடைசியில் மேலே ஏறினார். "சிவா" என்று கூப்பிட்டார். "சாமி கும்பிட்டது சரி. வேலைக்குப் போற ஆளு கண்ணுல சந்தனத்த அப்பி அனுப்பலாமா?" நான் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே சரோஜாவைக் கூப்பிட்டு, "சட்டத்துல ஒரு பொட்டு வைங்கம்மா. கண்ணாடியில மட்டும் வேணாம்" என்பார்.

இரண்டாவது வெள்ளம் வந்தபோது அவர் செய்து வைத்ததெல்லாம் எதற்கென்று ஊருக்குப் புரிந்தது. தண்ணீர் வாசல் படியைத் தொட்டதுமே இருவரும் ஒரு பையோடு மேட்டுக்கு நடந்து வந்துவிட்டார்கள். அன்று மாலை ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. என் வீடும் இருட்டில்தான். வேனில் மட்டும் விளக்கு எரிந்தது. பக்கத்துக் கம்போங் வீடுகளில் இருந்து ஆட்கள் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வந்தார்கள். அண்ணன் எல்லாருக்கும் கொடுத்தார், பெட்டிக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அக்கா நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டார். தண்ணீர் வடியும்வரை அவர் முகத்தில் பயம் இல்லை. வடிந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பயம் வந்தது.

கனமாக மழை பிடித்தால் அக்காவால் அந்த வீட்டில் கண்ணை மூட முடியவில்லை. "கண்ண மூடுனா தண்ணி கட்டிலுக்கு அடியில வந்து நிக்குற மாதிரியே இருக்கு தம்பி" என்பார். எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, வந்து படுங்கள் என்று சரோஜா எவ்வளவோ கூப்பிட்டாள். வரமாட்டார். வேன் என்றால் சரி. "இது சக்கரம் வச்ச வீடு சரோ. தண்ணி வந்தா ஓடிறலாம்" என்றார். ஆகவே மழைக்காலத்தில் பொழுது சாய்ந்தால் இருவரும் குடை பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வருவார்கள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள். அண்ணனும் மாப்பிள்ளை முறுக்கோடு கையை ஆட்டிவிட்டு நடப்பார். உள்ளே சின்ன விளக்கு எரிய வேண்டும், விசிறி ஓட வேண்டும். விசிறிச் சத்தத்தில் மழைச் சத்தம் கொஞ்சம் மங்கும், அக்கா தூங்குவார். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்பது அண்ணனுக்கு அதற்குப் பிறகு வேறு கேள்வியாகிவிட்டது. மருந்துக்கு மட்டுமாக இருந்தது, அக்காவின் தூக்கத்துக்கும் என்றாயிற்று.

என் வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தால் தீர்ந்தது, எதற்கு இந்தப் பாடு என்று குழுவில் சிலர் கேட்டீர்கள். நானும் கேட்டவன்தான். என் வற்புறுத்தலுக்காக ஒரு பருவம் ஒயர் போட்டுப் பார்த்தார். ஒரு இடி இறங்கியது. என் தொலைக்காட்சியும் அவருடைய சார்ஜரும் சேர்ந்து கருகின. அதோடு சுருட்டி வைத்துவிட்டார். "ஒன் வீட்ல கரண்டு இருக்குற அன்னிக்கு எனக்கு அது எதுக்கு? இல்லாத அன்னிக்குத்தான எனக்கு வேணும்" என்றார்.

இந்த ஜனவரியில் மழை ஒரு வாரம் விடவே இல்லை. சாலையில் மரம் சாய்ந்து மின்கம்பம் ஒன்று விழுந்ததில் எங்கள் பக்கம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. வெயில் என்ற ஒன்றையே மறந்திருந்தோம். ஒரு காலையில் எழுந்து வந்தபோது மழை விட்டிருந்தது. செம்பனைத் தோப்புக்கு மேலே வெளிச்சம் இறங்கியிருந்தது. அண்ணன் எனக்கு முன்பே ஏணியைச் சாத்திவிட்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"ஈரம் காயட்டும்ணே" என்றேன்.

"காயறவரைக்கும் இந்த வெயிலு நிக்குமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அக்கா வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். "ராத்திரி வெளக்கு மங்கிருச்சு சிவா. ஃபேனும் நின்னுருச்சு. எந்திரிச்சு உக்காந்தவதான், வெடியற வரைக்கும் நடுங்கிக்கிட்டு இருந்தா. இன்னிக்கு எப்படியும் ஏத்திறணும்" என்றார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், ஏணி அசையவே இல்லை. அவர் எப்போதும் ஏணியில் நின்றபடிதான் துடைப்பார். அன்று எட்டாத மூலையில் இலைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. கூரையில் ஒரு காலை வைத்தார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மற்ற காலையும் வைத்துவிட்டார். துணி தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மறுபக்கம் ஒரு சத்தம். நான் சுற்றி ஓடினேன். ரீட்டா அக்கா வேன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அண்ணன் கையில் ஈரத் துணியும் ரம்புத்தான் இலைகளும் இருந்தன. கண் மூடியிருந்தது.

அடக்கத்தன்று நல்ல கூட்டம். பத்து பாகாட் ஊரில் இருந்தெல்லாம் உறவுக்காரர்கள் வந்தார்கள். குழுவில் இருந்தும் பலர் வேன்களிலேயே வந்தீர்கள், அதற்கு நன்றி. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வரும்போதுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. "பாவம், ஒரு பேட்டரிக்காக உசுரு போச்சு. புதுசு வாங்கிப் போட்டா ஆச்சு, இதுக்குப் போயி ஏறுவாங்களா?" சொன்னவர் யாரென்று எழுதப்போவதில்லை. கெட்ட மனதோடு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்பிப் பார்த்தபோது ரீட்டா அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றார். கேட்டிருக்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சரோஜா என் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அந்த இடத்திலேயே சண்டை போட்டிருப்பேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு அன்று ஒரே ஒரு வாயை மூடினால் போதும் என்றிருந்தது.

அன்று மாலை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏறும்போது எதாச்சும் சொன்னாரா தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன்.

வேறு என்ன சொல்ல? ராத்திரி நீ நடுங்கினாய், அதற்காகத்தான் ஏறினார் என்று புருஷனைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணிடம் சொல்ல முடியுமா? அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றி வைப்பதா? சொல்லாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. நான் வாயை மூடிக்கொண்டால் ஊரில் நிற்கப்போவது அந்த இன்னொரு பேச்சுதான். பேட்டரிக்காகச் செத்தவர் என்ற பெயர்தான் அவருக்கு மிஞ்சும். எங்கள் பள்ளிக்கூடத் தூணில் சாய்ந்து அழுத மனிதருக்கு அந்தப் பெயரா? சொன்னால் அக்காவுக்கு வலி, சொல்லாவிட்டால் அண்ணனுக்கு அவமானம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன். சரோஜாவிடம் கேட்டதற்கு, "கடைசியா பேசுனது ஒங்ககிட்ட. ஆனா பேசுனது அவங்களப் பத்தி. அது அவங்களுதுதான?" என்றாள். அதைக் கேட்டும் சொல்லத் துணிவு வரவில்லை.

இதற்கிடையில் வேனை விற்றுவிடு என்று உறவில் ஒருவர் அக்காவுக்கு யோசனை சொன்னார். பத்து பாகாட்டுக்கே வந்துவிடு என்றார் இன்னொருவர். அக்கா அந்த நாட்களில் எங்கள் வீட்டு அறையில்தான் படுத்தார். படுத்தார் என்று சொல்லலாம், தூங்கினார் என்று சொல்ல முடியாது. மழை பிடிக்கும்போதெல்லாம் அறையில் விளக்கு எரியும். வேன் முற்றத்தில் பூட்டிக் கிடந்தது. பேனலின்மேல் இலைகள் சேர்ந்தன. நானும் ஏறவில்லை. ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது பேட்டரி மிகவும் தாழ்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் இதுவும் எழுந்திருக்காது என்று தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, அண்ணனைப் பற்றி நம் குழுவுக்கு ஏதாவது எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்ததை அக்காவிடம் சொன்னேன். முற்றத்தில் வேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுதப் போற?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். அவரு சொன்னாரு" என்றேன். சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். விளக்கு மங்கியது, விசிறி நின்றது, அக்கா நடுங்கியது, இன்றைக்கு எப்படியும் ஏற்றிவிட வேண்டும் என்றது. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அழுவார் என்று நினைத்தேன், அல்லது எழுந்து உள்ளே போய்விடுவார் என்று.

"தெரியும் தம்பி" என்றார். "வேற எதுக்கு ஏறப் போறாரு? அந்த மனுசன் வாயால சொல்லி எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சு. நீ ஒண்ணும் சொல்லலன்னதும், ஒருவேள அவங்க பேசுறமாதிரி பேட்டரி கெட்டுறப் போவுதுன்னுதான் ஏறுனாரோன்னு நெனச்சு நெனச்சு..." சரோஜா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா அவள் தோளில் சாய்ந்து, அண்ணன் போன பிறகு முதன்முதலாக, வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான். "பேட்டரிக்காகன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். நீ எனக்காகன்னு எழுது. ரீட்டாவுக்காக ஏறுனாருன்னு பேரு போட்டு எழுது."

எழுதிவிட்டேன். ரீட்டாவுக்காக ஏறினார்.

அந்த வாரமே குளுவாங்கில் இருந்து ஆள் வரவழைத்துப் பேனலைக் கூரையிலிருந்து இறக்கினோம். தரையில் இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, ரம்புத்தான் நிழல் படாத இடத்தில் சாய்த்து நிறுத்தி, வேனுக்கு ஒயர் இழுத்தாயிற்று. தரையில் வைத்தால் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று அண்ணன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. போனால் போகட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஏணியைப் பழைய இரும்பு எடுக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அக்கா மறுபடி வேனில்தான் படுக்கிறார். மழை விட்டதும் அவரே அண்ணனுடைய நீலக் கைலியைக் கிழித்த துணியோடு வந்து பேனலைத் துடைக்கிறார். வரும் ஆயுத பூஜைக்குச் சட்டத்தில் பொட்டு வைக்க வேண்டும் என்று சரோஜாவுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

மார்ட்டின் அண்ணனுடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை, அந்த விறகுக் கட்டு உறையைத் தவிர. நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒரு கேள்வியை. அவர் கண் திறந்தால் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று ஏணியில் ஏறினேன் அல்லவா? அந்தப் பதிலை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதம் சுமந்து திரிந்தேன். நேற்று மாலை மேகம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பேட்டரி எவ்ளோ காட்டுது?"

வேனுக்குள் போய்ப் பார்த்தேன். "நெறஞ்சிருக்குக்கா" என்றேன். "நீங்க தூங்கலாம்."